காரில் குழந்தை: பின் சீட் அலாரங்களில் எதை நம்பலாம்?

குழந்தையைக் காரில் தனியாக விட்டுவிட்டு இரண்டு நிமிடம் போய்வரலாமா என்று கேட்டால், கூடாது என்பதுதான் பதில். எவ்வளவு நல்ல கருவியை வாங்கினாலும் அந்தப் பதில் மாறாது. பின் சீட் அலாரம், பெல்ட் கிளிப், சென்சார் பேட், ரேடார் என்று இப்போது சந்தைக்கு வருபவை எல்லாம் வேறொரு வேலைக்கானவை. குழந்தை பின்னால் இருப்பதையே பெரியவர் மறந்துவிட்ட நேரத்தில், அவரைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. இந்த வித்தியாசம் புரியாமல் "அதான் அலாரம் இருக்கே" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவது, அலாரமே இல்லாமல் இருப்பதைவிட மோசம். அதனால் 'கொஞ்ச நேரம்' என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பிறகு கருவிகளுக்கு வருவோம்.

கண்ணாடியை ஏற்றிய பிறகு

வெயில் கண்ணாடி வழியாக உள்ளே புகுந்து டேஷ்போர்டையும் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் சூடாக்குகிறது. அவை உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன. அந்தக் காற்று வெளியே போக வழியில்லை. வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம், வெளியே இருப்பதைவிடப் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. இருபது நிமிடத்தில் 16 டிகிரி, அரை மணி நேரத்தில் 19, ஒரு மணி நேரத்தில் 24. வெளியே 30 டிகிரி என்றால், பத்தாவது நிமிடத்திலேயே உள்ளே 40.

இந்தக் கணக்கில் எல்லோரும் தவறவிடுவது ஏற்றத்தின் வேகம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியிட்ட அளவீடுகளில், ஒரு மணி நேரத்தில் ஏறும் வெப்பத்தின் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. வெளியே வெறும் 22 டிகிரி இருந்த நாளிலும் உள்ளே ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியைத் தொட்டது. "இன்னைக்கு வெயிலே இல்லையே" என்ற சமாதானம் அதோடு போயிற்று. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துச் செய்த சோதனையிலும் ஏற்றத்தின் வேகம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. நாலு விரல் இடைவெளி விட்டுப் போவதால் மனசு வேண்டுமானால் ஆறும், கார் ஆறாது.

நிழலில் நிறுத்தினால்? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. 38 டிகிரிக்கு மேல் போன நாட்களில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உள்வெப்பம் சராசரியாக 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்றவற்றில் உள்வெப்பம் 38, டேஷ்போர்டு 48. இரண்டு வயதுக் குழந்தையின் உடல் வெப்பம் ஆபத்தான அளவை எட்ட வெயிலில் சுமார் ஒரு மணி நேரம், நிழலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதாவது நிழல் அவகாசத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அதுவும் நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்த நேரக் கணக்கைப் பார்த்து "அப்போ பத்து நிமிஷம் தாராளமா விடலாம்" என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆரோக்கியமான, காய்ச்சல் இல்லாத குழந்தையை வைத்துப் போட்ட கணக்கு அது. கைக்குழந்தைக்கு அவகாசம் இன்னும் குறைவு.

குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். எடைக்கு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், வியர்த்துக் குளிரும் திறன் குறைவு. கார் சீட்டின் (காரில் கட்டும் குழந்தை இருக்கையின்) மெத்தை முதுகையும் தொடையையும் மூடியிருப்பதால் காற்றும் படாது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் வெப்பத் தாக்கு. 42ஐ நெருங்கும்போது உள்ளுறுப்புகள் செயலிழக்கத் தொடங்கும்.

அமெரிக்காவில் 1998 முதல் இந்த மரணங்களை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகிறார்கள். சராசரியாக ஆண்டுக்கு 37 குழந்தைகள். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் 53 பேர். இதில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் மறந்து விடப்பட்டவர்கள். சுமார் கால்வாசிப் பேர், நிறுத்தியிருந்த காருக்குள் தாங்களே ஏறி மாட்டிக்கொண்டவர்கள். மீதியில் பெரும்பகுதி, தெரிந்தே 'கொஞ்ச நேரம்' விடப்பட்டவர்கள். இந்த மூன்று வகையையும் நினைவில் வைத்துக்கொண்டு கீழே வரும் கருவிகளைப் பாருங்கள். பெரும்பாலானவை முதல் வகைக்கு மட்டுமே உதவும்.

வெயிலே இல்லாத இடத்தில்

தரைக்கடியில் உள்ள பார்க்கிங், ராத்திரி நேரம், மழை. அப்போதும் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படாதது சீட் பெல்ட். பல கார்களின் பின் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் அதிலுள்ள பூட்டு விழுந்துவிடும். அதன் பிறகு பெல்ட் உள்ளே சுருளும், வெளியே வராது. கார் சீட்டை இறுக்கிக் கட்டுவதற்காக வைத்த வசதி இது. ஆனால் பக்கத்து பெல்ட்டை இழுத்துக் கழுத்தைச் சுற்றி விளையாடும் குழந்தைக்கு இதுவே சுருக்காகிவிடும். இழுக்க இழுக்க இறுகும். அப்படி நடந்தால் பக்கிளை விடுவித்துப் பெல்ட்டை முழுக்க உள்ளே சுருள விட வேண்டும். கழுத்தில் சுற்றியிருக்கும்போது அது முடியாது, வெட்டத்தான் வேண்டும். இதற்காகவே பெல்ட் வெட்டும் கத்தி ஒன்று ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் இருப்பது நல்லது.

பவர் விண்டோ இன்னொன்று. தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஸ்விட்ச்சின் மேல் முழங்காலை ஊன்றும் குழந்தைக்குக் கண்ணாடி ஏறுவது தெரியாது. தடை பட்டால் தானே இறங்கும் வசதி எல்லாக் கார்களிலும் எல்லாக் கண்ணாடிகளிலும் கிடையாது. இருந்தாலும் பெரும்பாலும் ஒரே அழுத்தலில் ஏறும்போதுதான் அது வேலை செய்யும். ஸ்விட்ச்சை அழுத்திப் பிடித்தபடி இருந்தால் எல்லாக் காரிலும் நிற்கும் என்று சொல்ல முடியாது. கியரைத் தட்டிவிடுவது, ஹேண்ட் பிரேக்கை இறக்குவது, பட்டன் ஸ்டார்ட்டை அழுத்துவது ஆகியவற்றைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

"ஏசி ஓடட்டும், இன்ஜினை ஆன்லயே வச்சுட்டுப் போறேன்" என்பது அடுத்த யோசனை. ரிமோட்டில் ஸ்டார்ட் செய்த இன்ஜின் பல கார்களில் பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவியில்லா ஸ்டார்ட் உள்ள சில கார்களும், சாவி தூரம் போய் நீண்ட நேரமானால் இன்ஜினை அணைத்துவிடும். ஏசி கம்ப்ரசர் ட்ரிப் ஆனால் ப்ளோயர் மட்டும் வெப்பக்காற்றை ஊதிக்கொண்டிருக்கும். மூடிய கராஜில் ஓடும் இன்ஜின் கார்பன் மோனாக்சைடைச் சேர்க்கும், அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்ஜின் ஓடும் காரைத் திருடுகிறவனுக்குப் பின் சீட்டில் குழந்தை இருப்பது தெரியவே தெரியாது. மின்சாரக் கார்களில் செல்லப்பிராணிகளுக்காக ஏசியை ஓடவிடும் வசதி இருக்கிறது. பேட்டரி குறைந்தாலோ மென்பொருள் தடுமாறினாலோ அதுவும் நிற்கும். குழந்தைக்காகச் செய்ததல்ல அது.

காரோடு வரும் அலாரம்: கதவை மட்டும் எண்ணும் வகை

இப்போது கருவிகள். புதுக் கார்களில் பரவலாக இருப்பது பின் கதவு நினைவூட்டி. ஜெனரல் மோட்டார்ஸ் இதை 2017 மாடல் ஜிஎம்சி அக்கேடியாவில் முதலில் கொண்டுவந்தது. 2018 மாடல் பாத்ஃபைண்டரில் நிசான் ஹாரனையும் சேர்த்தது. 2019 செப்டம்பரில் அமெரிக்கச் சந்தையில் உள்ள 20 கார் நிறுவனங்கள், 2025 மாடலுக்குள் ஏறக்குறைய எல்லாப் புதுக் கார்களிலும் ஏதாவதொரு பின் சீட் நினைவூட்டியைத் தருவதாக ஒப்புக்கொண்டன. அந்த 'ஏதாவதொன்று' பெரும்பாலும் இந்த வகைதான்.

இதில் சென்சார் எதுவும் குழந்தையைப் பார்ப்பதில்லை. காரை ஸ்டார்ட் செய்வதற்கு முந்தைய சில நிமிடங்களிலோ (ஜெனரல் மோட்டார்ஸ் முறையில் 10 நிமிடம்), இன்ஜின் ஓடும்போதோ பின் கதவு திறந்து மூடப்பட்டதா என்று மட்டும் நினைவில் வைக்கும். இன்ஜினை அணைத்ததும் மணி அடித்து, 'பின் சீட்டைப் பார்க்கவும்' என்று திரையில் காட்டும். நிசான் முறையில் இறங்கிய பிறகும் பின் கதவைத் திறக்காமல் இருந்தால் ஹாரன் அடிக்கும். எங்கள் பார்வையில் ஹாரன்தான் இந்த வகையின் உயிர்நாடி. திரையில் வரும் எழுத்தை, போனில் பேசிக்கொண்டே இறங்குகிறவர் பார்க்க மாட்டார்.

இதன் பெரிய ஓட்டை எரிபொருள் போட நிற்கும்போது திறக்கிறது. குழந்தையை ஏற்றினீர்கள், கதவு எண்ணப்பட்டது. வழியில் பங்க்கில் இன்ஜினை அணைத்தீர்கள், மணி அடித்தது, சரி. மறுபடி ஸ்டார்ட் செய்தீர்கள், ஆனால் பின் கதவைத் திறக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் முறை போன்றவற்றில் அலாரம் ஒரு ஓட்டத்துக்கு ஒருமுறைதான். மறுபடி அடிக்க வேண்டுமானால் மறுபடி கதவு திறந்து மூடப்பட வேண்டும். அலுவலக வாசலில் இன்ஜினை அணைக்கும்போது கார் வாயே திறக்காது. எந்தப் பயணத்தில் வழக்கமான பாதை மாறியதோ, எதில் மறதிக்கு வாய்ப்பு அதிகமோ, அதில்தான் இது கைவிடுகிறது. உங்கள் கார் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். குழந்தை இல்லாத நேரத்தில் பின் கதவைத் திறந்து மூடி, ஸ்டார்ட் செய்து, சிறிது தூரம் ஓட்டி அணையுங்கள். கதவைத் தொடாமல் மறுபடி ஸ்டார்ட் செய்து, ஓட்டி, மறுபடி அணையுங்கள். இரண்டாம் முறை மணி அடிக்கவில்லையென்றால் ஓட்டை உங்கள் காரிலும் உண்டு.

இரண்டாவது குறை, பையைப் பின் சீட்டில் போட்டாலும் அடிக்கும். தினமும் வெறுமனே அடிக்கும் மணியைக் காது ஒதுக்கிவிடும். எரிச்சலில் செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. வாங்கிய பழைய காரில் முந்தைய உரிமையாளர் அணைத்து வைத்திருக்கிறாரா என்று முதல் நாளே பாருங்கள்.

தீர்ப்பு: இருந்தால் ஆன் செய்து வையுங்கள். இதை நம்பி வேறெதையும் விட்டுவிடாதீர்கள்.

அல்ட்ராசோனிக்கும் ரேடாரும்

ஹூண்டாய் 2019 மாடல் சாண்டா ஃபேயில் ஒரு படி மேலே போனது. கதவுக் கணக்கோடு, கூரையில் அல்ட்ராசோனிக் சென்சார், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அசைவை அறியும் கருவி. காரைப் பூட்டிய பின் பின்பக்கத்தில் அசைவு தெரிந்தால் ஹாரன் அடிக்கும், விளக்கு மின்னும், கார் இணையத்தோடு இணைந்திருந்தால் போனுக்குத் தகவலும் வரும். பூட்டப்பட்ட காருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதால் கதவு எண்ணும் வகையைவிட இது தெளிவாக மேல். ஆனால் அசைவு வேண்டும். பின்நோக்கிய கார் சீட்டில், மேலே துணி மூடி, அசையாமல் தூங்கும் பச்சைக்குழந்தைதான் இந்தச் சென்சாருக்குக் கடினமான சோதனை. மறந்து விடப்படும் குழந்தைகளில் தூங்கிக்கொண்டிருப்பவர்களே அதிகம் என்பதை நினைத்தால் இது சின்னக் குறையல்ல. கண்ணாடியைத் திறந்து வைத்துப் பூட்டினாலோ, உள்ளே ஏதாவது தொங்கி ஆடினாலோ வீண் அலாரமும் வரும்.

60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்கும் மில்லிமீட்டர் அளவு அசைவையும் அது பிடிக்கும். துணி, போர்வை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்க்கும். ஜெனிசிஸ் ஜிவி70 இந்த முறையைக் கொண்டுவந்தது. வால்வோ இஎக்ஸ்90 உள்ளே யாராவது இருப்பது தெரிந்தால் காரைப் பூட்ட விடாமல் எச்சரிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப் 2023 முதல் இதற்கு மதிப்பெண் தருகிறது. 2025 முதல் குழந்தையை நேரடியாகக் கண்டறியும் முறைகளுக்கு மட்டுமே மதிப்பெண், கதவை எண்ணும் மறைமுக முறைகளுக்குக் கிடையாது. எங்கள் தீர்ப்பும் இதேதான்.

ரேடாரின் இன்னொரு பலம், மேலே சொன்ன இரண்டாவது வகைக்கும் அது உதவக்கூடும். ஒளிந்து விளையாடத் தானே ஏறிய குழந்தையைக் கதவுக் கணக்கோ கிளிப்போ கண்டுகொள்ளாது. காரை வாங்கும்போது விற்பனையாளரிடம் "பின் சீட் அலர்ட் இருக்கா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கு என்றுதான் சொல்வார்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். கதவைப் பார்க்கிறதா, ஆளைப் பார்க்கிறதா? தூங்கும் கைக்குழந்தையின் மூச்சைப் பிடிக்குமா? பூட்டிய பின் எவ்வளவு நேரம் விழித்திருக்கும்? போனுக்குத் தகவல் வருவது சந்தா கட்டினால் மட்டுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் கையேட்டிலேயே இருக்கும். சந்தா முடிந்த நாளில் சத்தமில்லாமல் நின்றுபோகும் பாதுகாப்பு, பாதுகாப்பல்ல.

தனியாக வாங்கிப் பொருத்துபவை

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இவைதான் வழி. 2012இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறைக்காக அப்போதைய கருவிகளைச் சோதித்தபோது, ஒரே மாதிரி வேலை செய்யவில்லை, தூரம் மாறுகிறது, போன் சிக்னல் குறுக்கிடுகிறது, பால் சிந்தினால் கெடுகிறது, பெற்றோர் ஒவ்வொரு முறையும் ஏதாவது செய்யவேண்டியிருக்கிறது என்று பட்டியலிட்டார்கள். இவற்றை மட்டும் நம்ப முடியாது என்பதே அவர்கள் முடிவு. அதன் பிறகு கருவிகள் முன்னேறியிருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள குறை எதுவும் முழுதாக மறைந்துவிடவில்லை.

சென்சார் பேட். குழந்தை சீட்டின் துணிக்கடியில் வைக்கும் மெல்லிய பேட். எடை பட்டால் விழித்துக்கொண்டு, போன் ப்ளூடூத் எல்லையைத் தாண்டினால் அலாரம். தவறு பெரும்பாலும் வைப்பதில் நடக்கும். பேட்டைக் கார் சீட்டுக்கும் காரின் இருக்கைக்கும் நடுவில் வைத்தால், கட்டிய பெல்ட்டின் இறுக்கமே அதை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும், குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குழந்தைக்கு நேர் கீழே, தொடையும் இடுப்பும் படும் இடத்தில் இருக்க வேண்டும். கூடுதல் மெத்தை போட்டிருந்தால் எடை பரவிப்போய், பிறந்த சில வாரங்களே ஆன குழந்தையை அது உணராமல் போகலாம். அதைவிட முக்கியமானது, கார் சீட்டின் விபத்துச் சோதனை இந்தப் பேட் இல்லாமல் நடந்தது. சீட் தயாரிப்பாளரின் கையேடு வெளிப் பொருட்களை அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் எதையும் குழந்தைக்குக் கீழே திணிக்க வேண்டாம். மறதியிலிருந்து காப்பாற்றப் போய் விபத்தில் பெல்ட் தளர்வாக இருந்துவிடக் கூடாது.

ப்ளூடூத் கிளிப். சிக்கோவின் பெபேகேர் போல, குழந்தை சீட்டின் பட்டையில் மாட்டுவது. பேட்டைவிடப் பொருத்துவது சுலபம், குழந்தைக்கு அடியில் எதுவும் இல்லை. நம்பகம் முழுக்கப் போனைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு, பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். ஐபோனில் ஆப்பை மேலே தள்ளி மூடினால் எச்சரிக்கை வராமல் போகலாம். இருப்பிட அனுமதி 'எப்போதும்' என்று இருக்க வேண்டும். 'தொந்தரவு செய்யாதே' முறையிலும் ஒலிக்கும் அனுமதி வேண்டும். போன் சிஸ்டம் அப்டேட் ஆன பிறகு இந்த அனுமதிகள் மாறியிருக்கலாம், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பின் ஒருமுறை சோதியுங்கள்.

இந்த வகைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை. போனைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்கினால் போனுக்கும் கிளிப்புக்கும் இடையே தூரம் அதிகரிக்காது, அதிகரிக்காவிட்டால் அலாரம் கிடையாது. சார்ஜில் போட்ட போனை மறந்து இறங்கும் அதே அவசரத்தில்தான் குழந்தையும் மறந்துபோகிறது. தொடர்ந்து பதில் இல்லையென்றால் முன்பே பதிந்த உறவினர்களுக்கு இருப்பிடத்தோடு தகவல் அனுப்பும் ஆப்களே வாங்கத் தகுந்தவை. அந்த எண்களில் குறைந்தது ஒன்று, பகலில் போனை எடுக்கக்கூடியவருடையதாக இருக்கட்டும்.

நெஞ்சுக் கிளிப்பும் ஓபிடி ரிசீவரும். எவன்ஃப்ளோ 2015இல் சென்சர்சேஃப் என்ற பெயரில் கொண்டுவந்த முறை இது. நெஞ்சுக் கிளிப்பில் உள்ள சென்சார், டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் ஓபிடி போர்ட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்க மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் இடம்) செருகிய ரிசீவரோடு பேசும். கிளிப் மாட்டியிருக்கும்போது இன்ஜின் அணைந்தால் ரிசீவரே மணி அடிக்கும். போன் தேவையில்லை, ஆப் தேவையில்லை. தனியாக வரும் கருவிகளில் எங்களுக்கு அதிகம் பிடித்தது இந்த அமைப்புதான், அந்த ஒரே காரணத்துக்காக. குறை, சர்வீசுக்கு விடும்போது மெக்கானிக் தன் ஸ்கேனரைச் செருக ரிசீவரைக் கழற்றுவார், மறுபடி மாட்ட மறந்துவிடலாம். சர்வீஸ் முடிந்து வந்ததும் குனிந்து ஒருமுறை பாருங்கள். கிளிப் குழந்தையின் அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும், வயிற்றுக்கு இறங்கினால் பட்டைகள் தோளிலிருந்து நழுவும்.

பல கிளிப்களில் இருப்பது பொத்தான் பேட்டரி. அதைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை எரித்துவிடும். மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் அந்தக் கிளிப்பை வாங்கவே வேண்டாம்.

வெறும் ஆப். வழிகாட்டி ஆப்பான வேஸ் 2016இல் குழந்தை நினைவூட்டியைச் சேர்த்தது. சேருமிடம் வந்ததும் 'குழந்தையைப் பார்த்தீர்களா' என்று காட்டும். வழிகாட்டலைப் போட்டால்தான் வரும். தினமும் போகும் பாதைக்கு யார் வழிகாட்டலைப் போடுகிறார்கள்?

எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு நல்ல அளவுகோல் ஒன்று இத்தாலியில் இருக்கிறது. அங்கே 4 வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் ஏற்றிச் செல்வோருக்கு மறதி எச்சரிக்கைக் கருவி கட்டாயம். 2018இல் சட்டம் வந்தது, 2019 நவம்பர் 7 முதல் நடைமுறை. கருவி என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்திருப்பது எந்த நாட்டில் வாங்குகிறவருக்கும் பொருந்தும். ஓட்டுநர் எதையும் அழுத்தாமல் ஒவ்வொரு முறையும் தானாக இயங்கத் தொடங்க வேண்டும். தொடங்கியதைக் காட்ட ஓர் அறிகுறி தர வேண்டும். எச்சரிக்கை காருக்குள்ளோ வெளியிலோ கவனத்தை இழுக்கும்படி இருக்க வேண்டும். பேட்டரி குறைந்தால் சொல்ல வேண்டும். இதில் முதல் நிபந்தனையில் தோற்கும் கருவியைத் தொடாதீர்கள். குழந்தையை மறக்கிறவர், குழந்தைக்கான ஸ்விட்ச்சைப் போடவும் மறப்பார்.

வாங்கியதும் சோதிக்கும் முறை: சீட்டில் குழந்தையின் எடைக்குச் சமமான அரிசி மூட்டையோ தண்ணீர் கேனோ வைத்து, பட்டையை மாட்டி, காரை ஓட்டி அணைத்து, போனோடு நடந்து செல்லுங்கள். எத்தனையாவது அடியில், எத்தனை விநாடியில் அலாரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ப்ளூடூத்தை அணைத்து ஒருமுறை, போனைக் காரில் விட்டு ஒருமுறை. என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது, அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைவிட மேல். ரேடார், அல்ட்ராசோனிக் கார்களுக்கு மூட்டை உதவாது, அது மூச்சு விடாது. பெரியவர் ஒருவர் பின் சீட்டில் அமர, இன்னொருவர் வெளியே நின்று பூட்டிப் பார்க்கலாம். எக்காரணம் கொண்டும் குழந்தையை வைத்துச் சோதிக்காதீர்கள்.

கண்ணாடியில் மாட்டும் சோலார் ஃபேன், ஈரத்துணி போன்ற 'கார் குளிர்ச்சி' சாமான்களில் பணத்தைப் போட வேண்டாம். சன்ஷேட் டேஷ்போர்டைக் காப்பாற்றும், குழந்தையைக் காப்பாற்றாது.

காசில்லாத கருவிகள்

மறதி பொறுப்பில்லாதவர்களுக்கு மட்டும் வருவதல்ல. தினமும் ஓட்டும் பாதையை மூளையின் பழக்கப் பகுதி தன் கையில் எடுத்துக்கொள்ளும். 'இன்று குழந்தையைக் காப்பகத்தில் இறக்க வேண்டும்' என்ற புதுத் திட்டத்தை வேறு பகுதி வைத்திருக்கிறது. தூக்கமின்மையும் மனஅழுத்தமும் இருந்தால் பழக்கம் ஜெயிக்கும். தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் டயமண்ட் இந்த மரணங்களை இந்தக் கோணத்தில் ஆராய்ந்தவர். அதனால்தான் "எனக்கெல்லாம் மறக்காது" என்பவர்களே அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

பழக்கத்தை மற்றொரு பழக்கத்தால்தான் மடக்க முடியும். இல்லாமல் நடக்கவே முடியாத ஒன்றை, இடது காலணியையோ அலுவலக அடையாள அட்டையையோ, குழந்தை சீட்டின் கால்மாட்டில் வையுங்கள். குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறங்கிய ஒவ்வொரு முறையும் பின் கதவைத் திறந்து மூடுங்கள். காப்பகத்தோடு ஓர் ஏற்பாடு: குழந்தை வழக்கமான நேரத்துக்கு வரவில்லையென்றால் பத்து நிமிடத்துக்குள் அவர்கள் அழைக்க வேண்டும், ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவரை. மேலே சொன்ன எல்லாக் கருவிகளையும்விட இந்த ஒரு போன் அழைப்பின்மேல் எங்களுக்கு நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அது பெற்றோரின் நினைவையோ போனின் அனுமதியையோ நம்பியிருக்கவில்லை.

தானே ஏறி மாட்டிக்கொள்ளும் குழந்தைகளுக்கு ஒரே மருந்து பூட்டு. வீட்டு வாசலில் நிற்கும் காராக இருந்தாலும் டிக்கி உட்படப் பூட்டி, சாவியை எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தையைக் காணவில்லை என்றால் தண்ணீர் இருக்கும் இடங்களை முதலில் பாருங்கள், அடுத்து கார்கள், டிக்கி உட்பட. விவரம் புரியும் வயதுக் குழந்தைக்கு ஹாரனை விடாமல் அழுத்தவும், முன் சீட்டுக்கு ஏறி வந்து கதவைத் திறக்கவும் கற்றுக்கொடுங்கள். சைல்ட் லாக் போட்ட பின் கதவு உள்ளிருந்து திறக்காது என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

கண்ணாடி உடைக்கும் கருவி

கடைசியாக ஒரு பொருள், வாங்குவதற்கு முன் காரைப் பார்க்க வேண்டிய பொருள். பூட்டிய காரில் குழந்தை மயங்கிக் கிடந்தால் அவசர எண்ணை அழைத்துவிட்டு உடைக்க வேண்டியதுதான். ஸ்பிரிங் முனை வைத்த சின்னக் கருவி, உடைந்தால் சிறு துண்டுகளாகச் சிதறும் டெம்பர்டு கண்ணாடியை ஒரே தட்டில் பொடியாக்கும். ஆனால் புதுக் கார்கள் பலவற்றில் பக்கக் கண்ணாடியும் லேமினேட்டட், அதாவது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டடுக்குக் கண்ணாடி. அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை நான்கு உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. எந்தக் கண்ணாடி எந்த வகை என்பது அதன் கீழ் மூலையில் பொறித்த முத்திரையில் இருக்கும். முன் கதவில் லேமினேட்டட் இருந்தாலும் பின் கதவில் டெம்பர்டு இருக்கலாம். இன்றே நான்கு கதவையும் பார்த்து, டெம்பர்டு கண்ணாடி எது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

உடைக்கும்போது குழந்தைக்கு அதிகத் தூரத்தில் உள்ள டெம்பர்டு கண்ணாடியை, நடுவில் அல்லாமல் மூலையில் அடியுங்கள். வெளியே எடுத்ததும் நிழலுக்கோ ஏசி உள்ள இடத்துக்கோ கொண்டுபோய், உடைகளைக் கழற்றி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு வாயில் தண்ணீர் கொடுக்கக் கூடாது. அழுகிறது, கண் திறந்துவிட்டது என்றாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும், சிறுநீரகம், ஈரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தே வெளியே தெரியும்.